சிலோன் ஜாக்கின் பெயர் எனக்குத் தெரியும்

நான் பொய் எழுதினேன். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு மூதாட்டி, இறந்துபோன தன் பாட்டனாரின் உண்மைப் பெயரைக் கேட்டுக் கடிதம் எழுதினாள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். தெரியாது என்று பதில் அனுப்பினேன்.

அதோடு விட்டேனா? அதே மனிதருக்குக் கல்பிட்டியிலும் ஒரு பேத்தி இருக்கிறார். அவரிடம் அந்தக் கடிதத்தை வேறு ஏதோ கடிதம்போல மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அடியில் என் முத்திரையையும் குத்தினேன்.

குற்றம் இவ்வளவுதான்... மீதியெல்லாம் அதற்கு நான் தேடிய சாட்டுகள்.

நீங்கள் என்னை அறிந்திருக்கலாம். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிக்கு முந்திய பக்கத்தில் பல வருடங்களாக நகைச்சுவை எழுதுகிறவன். வாசித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். சிரித்ததை நேரில் கண்டதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில். புத்தளம் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சிறிய அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, வெளியே 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்ற பலகை. வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி... எல்லாவற்றையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிப் போடுவேன். என்னால் இயன்றவரை பிழையின்றி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவன் நான். 'இயன்றவரை' என்ற சொல்லை அப்போதே ஆசையோடு பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது!

அந்தப் பாட்டனாரை மீரான் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. பாருங்கள், வாக்குமூலத்திலும் அந்தப் பெயரை நான் உங்களுக்குத் தரவில்லை...

ஏழு வருடங்களுக்கு முன், கல்பிட்டியிலுள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் ரிஸ்வி என் அறைக்கு வந்தார். எங்கள் மாவட்டத்தில் பந்து என்றால் உதைபந்து. உதைபந்து என்றால் வெறி. கழகத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுத வேண்டுமாம். தாளில் சுற்றிய ஒரு புகைப்படச் சட்டத்தை மேசையில் வைத்தார்.

"நானா, இவரு எங்கட ஊராள். அந்தக் காலத்துலயே அவுஸ்திரேலியாவுல பந்தடிச்சவரு. நாலு பக்கம் எழுதித் தாங்க."

"எழுதலாம். இவரப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. தெரிஞ்சா நாங்களே எழுதியிருப்பமே!"

படத்தில் இரண்டு வரிசையாக வெள்ளைக்காரர்கள். கையில்லாத, முன்பக்கம் கயிற்றால் கட்டிய கன்வஸ் சட்டைகள். எல்லோருக்கும் முன்னால் புல்லில் சம்மணமிட்டு, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஒரு கறுத்த மனிதர். அவர் முழங்காலருகே முட்டை வடிவத்தில் ஒரு பந்து.

ரிஸ்வி அந்தப் பந்தை விரலால் தொட்டார். "இதேன் நானா இப்படி நீட்டா இருக்கு? காத்துப் போயிட்டா?"

குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். மீரான், முத்துச்சிப்பி அள்ளும் கப்பல்காரர்களோடு அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்குப் போனவர். கல்பிட்டியில் மனைவியும் கைக்குழந்தையான ஒரு மகளும். பிறகு தெற்கே ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு இறங்கினார். அங்கிருந்து இந்தப் படமும் இரண்டு தபாலட்டையும் வந்தன. அரபு எழுத்தில் எழுதிய தமிழில், நாலைந்து வரி: நான் சுகம், இங்கே பந்து அடிக்கிறேன், பிள்ளைக்கு என் சலாம். அதன் பின் ஒன்றுமில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றுமில்லை!

ஒன்றுமில்லாததிலிருந்து நான்கு பக்கம்... எனக்கென்ன கஷ்டம்? நான் பத்திரிகைக்காரன் அல்லவா!

அது நம் உதைபந்து அல்ல, அவுஸ்திரேலியர்களின் தனி ஆட்டம். இணையத்தில் அதைப் பற்றி வாசித்தேன். நீள்வட்ட மைதானம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி, உதைபட்டு வரும் பந்தை ஆகாயத்தில் பிடிக்கலாம். பிடித்தவன் நிதானமாக நின்று உதைக்க மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். வாசிக்க வாசிக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. மீரானை எழும்ப வைத்தேன். எத்தனை தோள்களில் ஏற்றினேன்! மழையில், சேற்றில், ஆட்டம் முடியக் கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோலைப் போட வைத்தேன். வென்றவர்கள் பியர் குடிக்க, அவரைத் தனியே போய்த் தொழ வைத்தேன். கோல்களின் தொகையை மட்டும் எழுதவில்லை. அவ்வளவு நேர்மை!

ஆனால் வாழ்க்கை வரலாறு என்றால் முடிவு வேண்டுமே. அவருக்கு முடிவு இருக்கவில்லை. ஆகவே ஒன்றைக் கொடுத்தேன். மனைவியிடமும் மகளிடமும் திரும்பி வருகிற வழியில் கப்பலில் காய்ச்சல் கண்டு மௌத்தானார். ஜனாஸாவைக் கடலில் இறக்கினார்கள்.

மலர் வெளியீட்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது வாழ்க்கையில் முதல் முறை. கடைசி முறையும் அதுவே.

அங்கேதான் சுபைதா மாமியை முதலில் கண்டேன். மீரான் விட்டுப்போன அந்தக் கைக்குழந்தையின் மகள். அப்போதே எண்பது நெருங்கியிருந்தது. கண் இரண்டிலும் பார்வை மங்கல். மருமகள் என் நான்கு பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தம்பி, எங்கட உம்மா மௌத்தாகும் வரைக்கும் ஒரே கதைதான். வாப்பா எங்கள விட்டுட்டுப் போயிட்டார், விட்டுட்டுப் போயிட்டார் எண்டு. வந்துக்கிட்டுத்தானே இருந்திருக்கார்! வழியிலதானே அல்லாஹ் எடுத்திருக்கான்!"

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். 'மாமி, அது என் கற்பனை' என்று ஐந்து சொல்லுக்குள் முடித்திருக்கலாம். என் தோளில் பொன்னாடை இருந்தது...

"எந்த மாசம் மௌத்தானாராம்? பிறை தெரிஞ்சா வருஷா வருஷம் ஒரு கத்தம் ஓதலாமே."

நான் ஒரு மாதத்தையும் பிறையையும் சொன்னேன். கடை வீதியில் மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னேன்!

அந்த வருடமே மாமி வீட்டில் கத்தம் தொடங்கியது. கத்தம் என்றால், இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதி, துஆக் கேட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது. பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில், முதலாவதில் எனக்கு இடம். மீரான் பெயரால் ஆக்கிய நெய்ச்சோற்றை நான் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கூச்சம் பசியைக் கெடுக்கும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

அடுத்த வருடம் அந்தக் கடிதம் வந்தது.

மலரை யாரோ முகநூலில் ஏற்றியிருந்தார்கள். அதே புகைப்படம் இன்னொரு வீட்டுச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருந்தது, அவுஸ்திரேலியாவில். அந்த வீட்டு மூதாட்டியின் மகன் கண்டு தாயிடம் காட்ட, அவள் கழகத்தின் விலாசத்துக்கு ஐந்து பக்கம் எழுதிவிட்டாள். நடுங்கும் கையால், கூட்டெழுத்தில். ரிஸ்வி அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"போன்ல படம் புடிச்சுப் போட்டுப் பாத்தேன் நானா. இந்தக் கையெழுத்து அதுக்கும் விளங்குதில்ல. நீங்களே பாத்துத் தாங்க, மாமிக்கிட்ட குடுக்கணும்."

அன்று மத்தியானம் அறையைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன்.

இனி நான் எழுதுவது கற்பனை அல்ல. நம்பச் சொல்ல எனக்கு வாயில்லை, இருந்தாலும்...

மீரானை அங்கே எல்லோரும் சிலோன் ஜாக் என்றே அழைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். சரக்கு இறக்கும்போது மேலிருந்து விழுந்த ஒரு பொதியை எட்டிப் பிடித்ததைக் கண்டுதான் கழகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய அணிக்கு ஆடியது ஒரே ஒரு பருவம். அதிலும் பாதி நாள் வெளியே உட்கார வைத்தார்கள். கூட்டம் அவரைப் பார்த்துக் குரங்குபோலச் சத்தமிட்டது. பந்தைப் பிடித்தால் பத்திரிகை கேலியாக எழுதியது. தவறவிட்டால் இன்னும் கேலியாக எழுதியது. ஒரு நாள் இரண்டு பேருக்கு நடுவே எழும்பி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. சரியாகப் பொருந்தவில்லை. ஆட்டம் அதோடு சரி.

ஆனால் மைதானத்தை விட்டு அவர் போகவில்லை. அதே கழகத்தில் சட்டைகளைத் தோய்த்தார். புல் வெட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் சுண்ணாம்பு வாளியோடு அந்தப் பெரிய நீள்வட்டத்தைச் சுற்றி எல்லைக் கோடு போட்டார். முப்பது வருடத்துக்கு மேல். அங்கே ஒரு பெண்ணைக் கலியாணம் செய்தார். ஒரு மகன் பிறந்தான். கடிதம் எழுதியவள் அந்த மகனின் மகள். மாதா கோயில் மயானத்தில் மனைவிக்குப் பக்கத்தில் அவரை அடக்கியிருக்கிறார்கள். கல்லில் 'சிலோன் ஜாக்' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. வேறு பெயர் எவருக்கும் தெரியாது.

நான் எழுதிய தோள்களும் சேறும் வெற்றிக் கோலும் அந்தச் சுண்ணாம்பு வாளிக்கு முன்னால் எவ்வளவு மலிவு...

இதற்குள் இன்னொரு பகுதி இருந்தது. என்னை இன்றுவரை விடாத பகுதி.

சிறுமியாக இருந்தபோது அவள் பாட்டனாருக்குத் தேநீர் கொண்டுபோவாளாம். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவர் வாளியை வைத்துவிட்டு, கை கால் முகமெல்லாம் குழாயில் கழுவி, சப்பாத்தைக் கழற்றி, மைதானத்தின் வடமேற்கு மூலையில் போய்த் தனியே நிற்பார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். கொஞ்ச நேரத்தில் குனிவார். போட்ட கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம் என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பட்டினத்திலிருந்து கிப்லா, தொழுகையில் நாங்கள் முகம் திருப்பும் மக்கா, எந்தத் திசை என்று நான் தேடிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். வடமேற்கு.

அவளுக்கு விளங்காத ஒன்றை அவளே எழுதி அனுப்பியிருக்கிறாள். உலகத்தில் அதை விளங்கிய ஒரே ஆள் நான், பூட்டிய அறைக்குள்!

கடைசிப் பக்கத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெயர் என்ன? எனக்கு வயதாகிவிட்டது; என் காலம் முடியுமுன் அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிவிட விரும்புகிறேன்.

அந்தப் பெயர் இருந்த தபாலட்டையின் நகல் என் கோவைக்குள்தான் இருந்தது. கையெட்டும் தூரத்தில்.

ஏன் செய்தேன்? நீங்கள் கேட்கலாம். நானே கேட்டிருக்கிறேன். மாமியின் மனதை உடைக்கக்கூடாது என்று செய்தேன். மாதா கோயில் மயானம், இன்னொரு மனைவி... அந்த வயதில் தாங்குவாரா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதாபிமானம்! என்ன அழகான சொல்!

பொய். நான் காப்பாற்றியது மாமியை அல்ல. என்னுடைய நான்கு பக்கங்களை. கடலில் மௌத்தானவர் மயானத்தில் கிடந்தால் என் பொன்னாடை என்னாவது? ஊர் சிரிக்குமே! ஊரைச் சிரிக்க வைப்பதுதான் என் தொழில் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒன்றரைப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்புத் தயாரித்தேன். அவுஸ்திரேலியாவில் பழைய விளையாட்டுப் படங்கள் சேர்க்கும் ஓர் அம்மையார். மூலப் படத்தைத் தர முடியுமா என்று கேட்கிறார். அடியில் வழக்கம்போல 'மூலத்துடன் ஒப்பிடப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினேன். பழகிய கை.

ரிஸ்வியோடு நானும் கல்பிட்டிக்குப் போனேன். மருமகள் வாசிக்க, மாமி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

"படத்தக் குடுக்க ஏலாது எண்டு எழுதிருங்க தம்பி. பாவம், கேட்டதுக்கு சலாம் சொன்னதாவும் எழுதுங்க."

நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: படத்தில் இருப்பவர் எங்கள் மலரில் எழுதப்பட்டவர் அல்ல, வேறொருவர் என்று இங்கே விசாரித்ததில் தெரிய வருகிறது, பெயர் எவருக்கும் தெரியாது, வருந்துகிறோம். சலாமையும் எழுதவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளுடைய மகனிடமிருந்து ஒரு சிறு அட்டை, என் விலாசத்துக்கே வந்தது. அம்மா போன மாதம் காலமானார். தேடிப் பார்த்ததற்கு நன்றி. கல்லை அப்படியே விட்டுவிட்டோம்.

நன்றி! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகனுக்காவது எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எத்தனை தடவை தாளை எடுத்தேன் தெரியுமா? 'அன்புள்ள ஐயா' வரை எழுதிவிடுவேன். அதன் பின் வர வேண்டிய வசனத்தில் 'நான்' என்று தொடங்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் 'நான், நான்' என்று வாராவாரம் என்னையே கேலி செய்து எழுதுகிறவனுக்கு, அந்த ஒரு வசனம் வரவில்லை...

இந்த வருடக் கத்தத்துக்கும் போனேன். பாலாவி உப்பளங்களைத் தாண்டி, நுரைச்சோலைப் புகைபோக்கியைத் தாண்டி, பஸ்ஸில் ஜன்னலோரம். இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு சந்தியிலும் யோசித்தேன். இறங்கவில்லை, சாப்பிட்டேன். எல்லோரும் போன பிறகு மாமி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"தம்பி, ஒண்டு கேக்கணும். கோவிக்கப்படாது."

"கேளுங்க மாமி."

"அங்க இருந்த காலத்துல அப்பா தொழுதிருப்பாரா?"

எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் தாயின் அல்லது தந்தையின் வாப்பா. சுவரில் புகைப்படம் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"நான்தான் எழுதியிருக்கேனே மாமி, விடாமத் தொழுதார் எண்டு."

"அது சரி. நீங்க எழுதுனது வடிவா இருந்திச்சு. ஆனா ஆரு கண்டது? அந்த நாட்டுல, அவ்வளவு வெள்ளக்காரனுக்குள்ள, தனியா ஒரு மனுசன்... ஆராச்சும் கண்டு சொன்னா, நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன். எனக்கு வேற ஒண்டும் தேவல்ல."

கண்டவள் இருந்தாள், மாமி! வாளியை வைத்ததை, கை கால் கழுவியதை, சப்பாத்தைக் கழற்றியதை, மூலையில் நின்றதை, குனிந்ததை... ஒன்றையும் விடாமல் எழுதி அனுப்பினாள். என் அலுமாரியில் ஐந்து பக்கமாக இருக்கிறது. நீங்கள் ஆயுள் முழுதும் தேடிய ஒரே ஒரு சாட்சி!

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் எப்படி உருவி எடுத்துக் கொடுப்பது? கண்டது யார் என்பார். பேத்தி என்றால், எந்தப் பேத்தி என்பார். அவள் இப்போது எங்கே என்பார்...

"தொழுதிருப்பார் மாமி," என்றேன்.

"இருப்பார், இருப்பார்," என்றார் மாமி. "நீங்களும் 'இருப்பார்' எண்டுதானே சொல்லுறீங்க."

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. அதுதான் எழும்பவிடாமல் என்னை அந்தக் கதிரையில் அழுத்தியது.

பிறகு, கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுழு எடுக்கிற இடத்தில் அப்பா பெயரால் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வரிசையாகக் குழாய்களும் கட்டிக் கொடுக்கப் போகிறாராம். மேலே ஒரு கருங்கல் பலகை. அதற்கு நான்தான் வாசகம் எழுதித் தரவேண்டுமாம்.

"கடல்ல இறக்குன மனுசனுக்குத் தலமாட்டுல நட மீசான் கல்லும் இல்லயே தம்பி. பேரு எங்கயாவது ஒரு கல்லுல இருக்கட்டும்."

அங்கேயே, மருமகள் கொண்டுவந்த பயிற்சிக் கொப்பித் தாளில் எழுதினேன். முழுப் பெயரையும் எழுதினேன். தகப்பன் பெயரை எழுதினேன். அவருடைய மறுமைக்காகத் துஆச் செய்யும்படி எழுதினேன். அதோடு நிறுத்தி, மருமகளிடம் கொடுத்தேன். என் பங்குக்கு ஒரு பொய்யைக் குறைத்துவிட்டேன் என்ற அற்பச் சந்தோஷம் வந்தது.

மருமகள் வாசித்து முடித்தாள். மாமி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"கடல்ல மௌத்தானத உட்டுட்டீங்களே தம்பி. வந்துக்கிட்டிருந்த வழியில எண்டு போடுங்க. அதுதானே முக்கியம். எங்கட உம்மாக்காக வேண்டிப் போடுங்க."

தாளைத் திரும்ப வாங்கினேன். பேனை எழுதவில்லை, உதறினேன். எழுதியது. 'தாயகம் திரும்பும் வழியில் கடலில் மௌத்தானவர்.' பெயருக்குக் கீழே, நடுவில்.

போன மாதம் பலகையைப் பதித்துவிட்டார்கள். எழுத்துக்குள் பொன்னிறம் பூசியிருக்கிறார்கள், தூரத்திலிருந்தே வாசிக்கலாம். போன வெள்ளிக்கிழமை ஒரு வேலையாகக் கல்பிட்டிக்குப் போனவன் ஜும்ஆவுக்கு அந்தப் பள்ளிக்குள் நுழைந்தேன். புதிய குழாய்கள் வாசலுக்கு நேரே இருக்கின்றன. நான் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துப் பழைய ஹவுல் தொட்டியடிக்குப் போய்க் குந்தினேன். முழங்கால் வலித்தது.

ரிஸ்வி கண்டுவிட்டார்.

"என்ன நானா இங்க வந்து கஷ்டப்படுறீங்க? அங்கால உங்கட மீரான் அப்பாட குழாய்ல தண்ணி சும்மா கொட்டுது!"

"ஓம்," என்றேன். "கண்டேன்."

கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.